உயிர் பிழைக்க எதைப் பிடிப்பது? கம்ப்யூட்டர் கடலுக்கு 7 புதிய ஜீவன்கள்!

விண்வெளிக் கப்பல் ஒன்று வெடித்துச் சிதறுகிறது. தப்பியவன் ஒரே ஆள். விழுந்த இடமோ நடுக்கடல். கையில் துப்பாக்கி கிடையாது. மூச்சைப் பிடித்தால் 45 வினாடி தாங்கும். அதற்குள் முங்கி எதையாவது பிடித்துத் தின்றால்தான் உயிர். இல்லாவிட்டால் ஆள் காலி!

இது சினிமாக் கதை அல்ல. உலகம் முழுக்க இளவட்டங்களைக் கட்டிப்போட்ட "சப்நாட்டிகா" என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு.

அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் உள்ள "அன்னோன் வேர்ல்ட்ஸ்" என்ற கம்பெனி இதைத் தயாரித்தது. 2014 டிசம்பரில், வேலை முடியும் முன்பே விற்பனைக்கு விட்டார்கள். 2018 ஜனவரி 23-ந் தேதி முழு ஆட்டம் வெளிவந்தது. 2020 ஜனவரிக்குள் 50 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. 2021 மே மாதம் "பிலோ ஜீரோ" என்ற அடுத்த ஆட்டமும் வந்தது.

வேலை முடியும் முன்பே விற்றது ஏன்? காரணம் இருக்கிறது. ஆடுகிறவர்கள், ஆடிக்கொண்டே தங்கள் கருத்தைக் கம்பெனிக்கு அனுப்ப வசதி செய்திருந்தார்கள். அதைப் பார்த்து ஆட்டத்தைத் திருத்திக்கொண்டே போனார்கள்.

இந்த மாதிரி ஆட்டங்களின் ரசிகர்களிடம் "என்ன வேண்டும்?" என்று கேட்டால் பல பேர் சொல்லும் பதில் ஒன்றுதான். "புதுசா ஒரு கடல் பிராணியைச் சேருங்க. அதைப் பிடிச்சா ஏதாச்சும் கிடைக்கணும்!"

மூன்று தலை மீன், நெருப்பு கக்கும் நண்டு என்று கற்பனையை அவிழ்த்து விடுவதும் உண்டு. ஆனால், அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். நிஜக் கடலிலேயே அதைவிட அதிசயமான ஜீவன்கள் இருக்கின்றன. அவற்றை மனிதன் பிடித்த கதையும், பிடித்ததால் வந்த வினையும் எந்த விளையாட்டுக்கும் சளைத்ததல்ல.

அப்படி 7 ஜீவன்களைப் பற்றிய ருசிகர விவரம் வருமாறு:-

4 முள்ளும் ஓடுது!

முதலில் ஆட்டம் எப்படி என்று தெரிந்துகொண்டால் நல்லது.

திரையின் ஓரத்தில் 4 அளவுகள் ஓடிக்கொண்டே இருக்கும். உடம்பு, பசி, தாகம், மூச்சு. இதில் எது பூஜ்யத்துக்குப் போனாலும் ஆபத்து.

பசிக்கு மீன் பிடிக்கலாம். தாகத்துக்கு? சுற்றிலும் உப்புத் தண்ணீர்தானே! அதற்கும் ஒரு மீன் வைத்திருக்கிறார்கள். "பிளாடர்பிஷ்" என்று பெயர். அதைப் பிடித்து எந்திரத்தில் போட்டால் ஒரு பாட்டில் குடிதண்ணீர் கிடைக்கும்.

மீனை உப்புக் கண்டம் போட்டும் வைத்துக்கொள்ளலாம். கெட்டுப்போகாது. ஆனால் தின்றால் தாகம் எடுக்கும். கருவாடு தின்றவர்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை!

"ஸ்டாக்கர்" என்று ஒரு முரட்டு ஜீவன். நீளமான தாடை, கோரப் பற்கள். அதற்கு இரும்புத் துண்டு என்றால் உயிர். கவ்விக்கொண்டு விளையாடும். அப்போது அதன் பல் உதிர்ந்து தரையில் விழும். அந்தப் பல்லைப் பொறுக்கி வந்தால் கெட்டியான கண்ணாடி செய்யலாம். அதைக் கொல்லத் தேவையே இல்லை.

இதுதான் இந்த ஆட்டத்தின் விசேஷம்.

ஆட்டத்தை உருவாக்கிய சார்லி கிளீவ்லேண்ட் இதில் துப்பாக்கியே வைக்கவில்லை. 2012-ல் அமெரிக்காவில் சாண்டி ஹூக் பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்ட சம்பவம் தன்னைப் பாதித்ததாகவும், உலகத்தில் இன்னும் துப்பாக்கிகளைச் சேர்க்க விரும்பவில்லை என்றும் அவர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

ஆக, இந்தக் கடலில் புதிதாக ஒரு ஜீவனைச் சேர்ப்பது என்றால், "எப்படிக் கொல்வது" என்பது கேள்வி அல்ல. "எப்படி வாங்கிக்கொள்வது" என்பதுதான் கேள்வி.

1. குடலைக் கக்கும் கடல் அட்டை

முதல் இடம் கடல் அட்டைக்கு. பார்க்க வெள்ளரிக்காய் மாதிரி மணலில் கிடக்கும். காலும் இல்லை, கண்ணும் இல்லை.

ஆனால் தொந்தரவு கொடுத்தால் பாருங்கள் வேடிக்கையை! சில வகை அட்டைகள் பசை மாதிரி ஒட்டும் வெள்ளை நூலைப் பீய்ச்சி அடிக்கும். கடிக்க வந்த நண்டு அதில் சிக்கித் திண்டாடும். இன்னும் சில வகை, தன் குடலையே வெளியே கக்கிவிடும். அதோடு செத்துப்போகாது. சில வாரங்களில் உள்ளே புதுக் குடல் முளைத்துவிடும்!

ஆட்டத்தில் இதைச் சேர்த்தால், அந்தப் பசை நூலை எடுத்துக் கயிறு திரிக்கலாம், ஓட்டை அடைக்கலாம். அட்டையை அங்கேயே விட்டுவிட வேண்டும். மறுபடி நூல் ஊறும்வரை காத்திருக்க வேண்டும்.

மொத்தமாக அள்ளிவிட்டால்? அங்கேதான் இருக்கிறது சங்கதி. கடல் அட்டை, மணலை விழுங்கி அதிலுள்ள கசடைத் தின்றுவிட்டு, சுத்தமான மணலை வெளியே தள்ளுகிறது. கடலுக்கு அது துப்புரவுத் தொழிலாளி. அதை வழித்து எடுத்தால் கடலடி நாறிப்போகும்.

நிஜத்தில் அள்ளத்தான் செய்தார்கள். சீனாவிலும் தென்கிழக்கு ஆசிய நாடுகளிலும் காய்ந்த கடல் அட்டைக்குக் கொள்ளை விலை. ராமநாதபுரம் கடலோரத்தில் இதை நம்பி ஏராளமான குடும்பங்கள் பிழைத்தன. 2001-ல் மத்திய அரசு இதை வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தது. புலியைக் கொன்றால் எந்தச் சட்டமோ, கடல் அட்டையைப் பிடித்தாலும் அதே சட்டம்!

பாக் ஜலசந்திக்கு அந்தப் பக்கம் இலங்கையில் லைசென்ஸ் வாங்கிப் பிடிக்கலாம். இந்தப் பக்கம் பிடித்தால் கம்பி எண்ண வேண்டியதுதான். தடையை எடுக்க வேண்டும் என்று மீனவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கடத்தலும் பறிமுதலும் நடந்துகொண்டே இருக்கிறது.

2. ராஜா சட்டைக்கு 12 ஆயிரம் உயிர்

அடுத்து, மத்தியதரைக் கடலின் ஊதா நத்தை.

இதன் உடம்பில் ஒரு சிறு சுரப்பி. அதிலிருந்து வரும் திரவம், காற்றும் வெயிலும் பட்டால் ஊதாவாக மாறும். துவைத்தாலும் போகாத சாயம். இன்றைய லெபனான் கடற்கரையில் இருந்த பினீசியர்கள் இந்தச் சாயத்தை விற்றே கொழித்தார்கள். ரோமாபுரியில் ஊதா என்றாலே ராஜாங்க நிறம்.

ஒரு துணி முக்க எத்தனை நத்தை வேண்டும்? 1909-ல் ஜெர்மன் ரசாயன நிபுணர் பால் பிரீட்லேண்டர் கணக்குப் போட்டுப் பார்த்தார். 12 ஆயிரம் நத்தைகளை உடைத்து எடுத்ததில் கிடைத்த சாயம் வெறும் 1.4 கிராம்தான்! ஒரு குண்டுமணி கனத்தைவிடப் பத்துப் பன்னிரண்டு மடங்கு. அம்புட்டுதான்.

ஆனால் மெக்சிகோ நாட்டில் வேறு முறை இருக்கிறது. அங்கே வாகாக்கா மாநிலத்தில் மிஷ்டெக் பழங்குடி சாயக்காரர்கள் பசிபிக் கடற்கரைப் பாறைக்குப் போவார்கள். நத்தையைப் பாறையிலிருந்து மெல்ல எடுப்பார்கள். அது பயந்து கக்கும் திரவத்தை நூல் கண்டில் தேய்த்துக்கொள்வார்கள். நத்தையைத் திரும்பவும் ஈரப் பாறையிலேயே வைத்துவிடுவார்கள். மாட்டில் பால் கறப்பது போல!

இந்த இரண்டு முறையையும் ஆட்டத்தில் வைக்கலாம். உடைத்தால் உடனே சாயம், ஆனால் நத்தை போச்சு. கறந்தால் கொஞ்சம்தான், ஆனால் அடுத்த மாசமும் வரலாம். அவசரக்காரன் எது செய்வான், பொறுமைசாலி எது செய்வான் என்பது ஆடும்போதே தெரிந்துவிடும்.

3. நீல ரத்தம்!

குதிரைலாட நண்டு. பெயர்தான் நண்டு. உறவு என்னவோ சிலந்திக்கும் தேளுக்கும்தான். டைனோசர் பிறப்பதற்கு முன்பே, 40 கோடி ஆண்டுகளுக்கு மேலாகக் கடலில் இருக்கிற வம்சம். நம் நாட்டில் ஒரிசா கடற்கரையில் உண்டு.

இதன் ரத்தம் நீல நிறம். நம் ரத்தத்தில் இரும்பு இருப்பது போல இதன் ரத்தத்தில் செம்பு. கிருமி விஷம் துளி பட்டாலும் அந்த ரத்தம் கட்டியாக உறைந்துவிடும்.

இதை வைத்துத்தான் ஊசி மருந்துகளைச் சோதிக்கிறார்கள். 1977-ல் அமெரிக்க அரசு இந்தச் சோதனைக்கு அனுமதி தந்தது. அதற்கு முன் முயலுக்கு ஊசி போட்டு, அதற்குக் காய்ச்சல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு, குளூக்கோஸ் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பும் கோடிக்கணக்கான பேர் இந்த நண்டுக்கு நன்றிக்கடன் பட்டவர்கள்.

நண்டைப் பிடித்து, அதன் ரத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை எடுத்துவிட்டு, கடலில் கொண்டுபோய் விடுகிறார்கள். விட்டதெல்லாம் பிழைப்பதில்லை. ஒரு பகுதி செத்துப்போகிறது. நண்டு குறைந்தால் அதன் முட்டையைத் தின்று பசியாறும் கடற்பறவைகளுக்கும் பட்டினி.

சிங்கப்பூர் தேசிய பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இதற்கு ஒரு மாற்று கண்டுபிடித்தார்கள். நண்டு ரத்தத்தில் உள்ள சரக்கையே சோதனைச்சாலையில் செய்துவிட்டார்கள். மெதுமெதுவாகத்தான் மருந்துக் கம்பெனிகள் அதற்கு மாறி வருகின்றன.

ஆட்டத்தில் இந்த நண்டு வந்தால், தண்ணீர் பாட்டிலில் ஒரு சொட்டு நீல ரத்தம் விட்டுப் பார்க்கலாம். உறைந்தால் குடிக்காதே! உறையாவிட்டால் தைரியமாகக் குடி! ஆனால் ஒரே நண்டிடம் திரும்பத் திரும்ப எடுத்தால் அது செத்து மிதக்க வேண்டும். அப்போதுதான் நியாயம்.

4. கூண்டில் தொங்கும் கடல் நுரை

கணவாய் மீனை மார்க்கெட்டில் பார்க்காதவர் இல்லை. ஆனால் அதற்கு 3 இதயம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

எதிரி வந்தால் மை கக்கிவிட்டு ஓடும். அந்த மையைத் தொட்டு ஒரு காலத்தில் ஐரோப்பாவில் எழுதினார்கள், படம் வரைந்தார்கள். அதன் முதுகுக்குள் இருக்கும் வெள்ளை ஓட்டில் நுண்ணிய அறைகள். அதில் வாயுவையும் நீரையும் கூட்டிக் குறைத்து, நீர்மூழ்கிக் கப்பல் மாதிரி மேலே ஏறும், கீழே இறங்கும்.

நாட்டு மருந்துக் கடையில் "கடல் நுரை" என்று விற்பது இந்த ஓடுதான். கிளி, லவ் பேர்ட்ஸ் கூண்டில் அலகு தீட்டத் தொங்கவிடுவதும் இதுவே. அச்சு எடுக்க நகைத் தொழிலாளர்களும் வாங்குவது உண்டு.

கணவாய்க்கு ஆயுசு கொஞ்சம். ஓரிரு ஆண்டுதான். முட்டை இட்டபின் செத்துவிடும். ஓடு மிதந்து மிதந்து கரை ஒதுங்கும். பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான்!

ஆட்டத்தில் இந்த ஓட்டைப் பொறுக்கி மிதவை செய்யலாம். வலையும் வேண்டாம், ஈட்டியும் வேண்டாம். கரையோரம் நடக்கத் தெரிந்தால் போதும்.

5. தொட்டால் மரணம், துளி மருந்து

கூம்பு நத்தை. ஓடு அழகோ அழகு. பூ வேலை செய்த மாதிரி இருக்கும். ஆசைப்பட்டுக் கையில் எடுத்தால் தொலைந்தது! ஊசி போன்ற பல்லை நீட்டிக் குத்திவிடும். சில வகையின் விஷம் மனிதனையே கொன்றிருக்கிறது.

அந்த விஷத்திலும் மருந்து இருக்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டில் பிறந்த விஞ்ஞானி பால்டோமெரோ ஒலிவெரா, அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்தார். அவரது ஆராய்ச்சிக்கூடத்தில் கண்டுபிடித்த சரக்கிலிருந்து "சிகோனோடைடு" என்ற வலி மருந்து பிறந்தது. 2004-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மற்ற மருந்துக்கு மசியாத கடுமையான வலிக்கு, முதுகுத் தண்டு நீரில் செலுத்துகிறார்கள்.

முக்கியமான விஷயம், அந்த மருந்துக்காக நத்தையைப் பிடிப்பதில்லை. விஷத்தின் அமைப்பைப் படித்துக்கொண்டு, செயற்கையாகவே தயாரிக்கிறார்கள்.

ஆட்டத்தில் இதைச் சேர்த்தால், பார்த்தவுடன் எடுக்கத் தோன்றும் அழகோடு சேர்க்க வேண்டும். ஆத்திரப்பட்டுக் கை வைத்தவனுக்கு ஆட்டம் முடிந்தது. நிதானமாக ஆராய்ந்தவனுக்கு மருந்து!

6. குடும்பமே பிடித்த சொறி மீன்

ஜப்பானிய விஞ்ஞானி ஒசாமு ஷிமோமுரா, 1961 கோடையில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரைக்குப் போனார். அங்கே ஒரு வகை சொறி மீன், பச்சையாக ஒளி விடும். அந்த ஒளி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஆசை.

வலையை எடுத்துக்கொண்டு துறைமுகப் பலகையில் நின்று பிடித்தார். பிறகு வந்த ஆண்டுகளில் மனைவி, மகன், மகள் என்று குடும்பமே வலையோடு இறங்கியது. மொத்தம் பிடித்தது எவ்வளவு தெரியுமா? சுமார் 8½ லட்சம்! அடேயப்பா!

அத்தனையும் பிழிந்து எடுத்ததில்தான் அந்தப் பச்சை ஒளிப் பொருளின் ரகசியம் வெளிப்பட்டது. 2008-ல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு அவர் உள்பட 3 பேருக்குக் கிடைத்தது. இன்று புற்றுநோய் செல் எங்கே பரவுகிறது என்று பார்க்க, ஆராய்ச்சிக்கூடங்களில் அந்த ஒளியைத்தான் விளக்காகப் பயன்படுத்துகிறார்கள்.

1992-ல் அந்த ஒளிக்கான மரபணுவைப் பிரித்து எடுத்துவிட்டார்கள். அதோடு சொறி மீன் பிடிக்கும் வேலை முடிந்தது. இப்போது பாக்டீரியாவே அதைச் செய்து தருகிறது.

சப்நாட்டிகாவில் ஏற்கனவே ஒரு கருவி உண்டு. ஒரு பொருள் மீது காட்டினால் அதன் விவரம் பதிவாகிவிடும். சொறி மீனை அதோடு இணைக்கலாம். முதலில் விளக்குக்காகப் பத்துப் பத்தாகப் பிடிக்க வேண்டும். ரகசியம் தெரிந்துவிட்டால், அப்புறம் பிடிக்கவே வேண்டாம்.

7. நிஜமாக நடந்த "ஆட்டம்"!

கடைசி ஜீவன் இப்போது உலகத்தில் இல்லை. அதன் கதைதான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

1741 நவம்பர் மாதம். ரஷ்ய அரசு அனுப்பிய "செயின்ட் பீட்டர்" என்ற கப்பல், அலாஸ்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், ஆள் இல்லாத தீவு ஒன்றில் கரை தட்டியது. கப்பல் தலைவர் விட்டஸ் பெரிங். மாலுமிகளுக்கு ஈறு வீங்கி, பல் ஆடி, உடம்பு புண்ணாகும் ஸ்கர்வி நோய். தினம் ஒரு சாவு.

டிசம்பரில் பெரிங்கும் செத்துப்போனார். அந்தத் தீவுக்கு இன்று அவர் பெயர்தான்.

கூட இருந்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் ஸ்டெல்லர் என்ற ஜெர்மன் இயற்கை ஆராய்ச்சியாளர். பச்சிலை பறித்துக் கொடுத்தார். பனிக்காலம் முழுக்க நீர்நாய், கடல்நாய் இறைச்சியைத் தின்று தாக்குப் பிடித்தார்கள். அவையும் உஷாராகித் தூரப் போய்விட்டன. மைல் கணக்கில் நடந்து வேட்டையாடி, தோளில் சுமந்து வர வேண்டியதாயிற்று.

கரையோரமே மந்தை மந்தையாக ஒரு பிரம்மாண்டப் பிராணி, கடற்பாசியை மேய்ந்துகொண்டு இருந்தது. அதுதான் கடல் பசு. 25 அடிக்கு மேல் நீளம். 8 முதல் 10 டன் எடை. பல் கிடையாது. யாருக்கும் தீங்கு செய்யாது. முதுகு எப்போதும் தண்ணீருக்கு மேலேயே தெரியும்.

1742 கோடையில் பெரிய கொக்கி செய்து, கயிறு கட்டி, படகில் போய்க் குத்தி, கரையில் இருந்தவர்கள் எல்லோருமாக இழுத்தார்கள். ஒன்று கிடைத்தால் வாரக்கணக்கில் சாப்பாடு. மாட்டிறைச்சி போல ருசி என்றும், கொழுப்பு பாதாம் எண்ணெய் போல இனித்தது என்றும் ஸ்டெல்லர் எழுதி வைத்தார். சீக்கிரம் கெட்டும் போகாது.

அவர் இன்னொன்றும் எழுதினார். ஒன்று கொக்கியில் மாட்டினால், மற்றவை ஓடிப்போகாது. கயிற்றை அறுக்கவும், படகைக் கவிழ்க்கவும் முட்டி மோதும். ஜோடியைப் பறிகொடுத்த ஆண் கடல் பசு, அடுத்தடுத்த நாளும் அதே கரைக்கு வந்து தேடி நின்றதாம்.

அந்த இறைச்சியைத் தின்று தெம்பு வந்தவர்கள், உடைந்த கப்பலின் பலகையைக் கொண்டே சின்னக் கப்பல் கட்டினார்கள். 1742 ஆகஸ்டில் 46 பேர் உயிரோடு ஊர் திரும்பினார்கள்.

ஆட்டமாக இருந்தால் இங்கே "வெற்றி!" என்று திரையில் எழுத்து விழுந்திருக்கும்.

27 ஆண்டில் பூண்டோடு காலி!

நிஜத்தில் ஆட்டம் அங்கேதான் ஆரம்பித்தது.

அவர்கள் கொண்டுவந்த நீர்நாய்த் தோலைப் பார்த்து, தோல் வியாபாரிகள் படை படையாக அந்தத் தீவுக்குக் கிளம்பினார்கள். வழியில் சாப்பாட்டுக்கு? கடல் பசு இருக்கவே இருக்கிறது!

தனி ஆளாக ஈட்டி எறிந்தார்கள். காயம்பட்டது தப்பி ஓடி எங்கோ செத்தது. ஒன்று கைக்குக் கிடைக்கப் பல வீணாயின. முழு உடம்பையும் தின்ன ஆள் இல்லாமல் கரையில் அழுகவிட்டார்கள்.

1755-ல் யாக்கோவ்லெவ் என்ற சுரங்க அதிகாரி, "இந்த வேட்டையைத் தடை செய்யுங்கள்" என்று கம்சாட்கா அதிகாரிகளுக்கு மனுப் போட்டார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1768-ல் கடைசிக் கடல் பசுவும் கொல்லப்பட்டது. மனிதன் கண்ணில் பட்டு 27 ஆண்டு. ஒரு வம்சமே பூண்டோடு போய்விட்டது! அதை உயிரோடு பார்த்து ஆராய்ந்து எழுதிய ஒரே விஞ்ஞானி ஸ்டெல்லர்தான்.

முதலில் கொன்ற 46 பேரைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கு வேறு கதி இல்லை. பசிக்குப் பிடித்தவன் வேறு, இருக்கிறதே என்று பிடித்தவன் வேறு.

ஆட்டத்தில் சேர்க்க வேண்டிய ஜீவன் இதுதான். ஒன்றே ஒன்றைப் பிடித்தால் உயிர் பிழைக்கலாம், கப்பலும் கட்டலாம். ஆனால் எத்தனை மிச்சம் என்ற கணக்கைத் திரையில் காட்டக் கூடாது. அளவுக்கு மீறினால், ஒரு நாள் கரை வெறிச்சோடிக் கிடக்க வேண்டும். அப்புறம் திரும்பி வரவே கூடாது.

இந்த வகை ஆட்டங்கள் பலவற்றில் இன்று பிடித்த மீன், நாளைக்குப் போனால் அதே இடத்தில் நீந்தும். கடலைப் பற்றி அதைவிடப் பெரிய பொய் இருக்க முடியாது.

தம்பி இருக்கிறான் தஞ்சாவூர் கடலில்!

அந்தக் கடல் பசுவின் சொந்தக்காரன் ஒருவன் இன்னும் உயிரோடு இருக்கிறான். அதுவும் பக்கத்திலேயே!

பாக் நீரிணையில் கடல் புல்லை மேய்ந்து திரியும் கடல் பசு. மீனவர்கள் "ஆவுளியா" என்பார்கள். 10 அடி வரை நீளம். சில நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும். வலையில் மாட்டினால் மூச்சு முட்டிச் சாகும். பல ஆண்டுக்கு ஒருமுறைதான் ஒரு குட்டி போடும்.

2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை, இந்தியாவிலேயே முதல் கடல் பசுக் காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது.

அறிவித்தால் ஆயிற்றா? நடுக்கடலில் வலையில் மாட்டினால் விடுவிக்க வேண்டியவர் மீனவர்தான். விடவேண்டும் என்றால் வலையை அறுக்க வேண்டும். அறுத்தால் நஷ்டம் அவருக்கு. அன்றைய மீனும் போச்சு, வலையும் போச்சு.

அப்படியும் அறுத்து விட்டிருக்கிறார்கள். அந்த மீனவர்களை வனத்துறை அழைத்து ரொக்கப் பரிசு கொடுத்துக் கௌரவித்தும் இருக்கிறது.

இதைவிட நல்ல கட்டம் எந்த ஆட்டத்தில் இருக்கிறது? வலையில் ஆவுளியா துடிக்கிறது. வலையோ கைக்கு இருக்கும் ஒரே வலை. அறுக்கணுமா, வேண்டாமா? பத்து எண்ணுவதற்குள் முடிவு சொல்லணும்!

61 நாள் லீவு

இன்னொரு விதியையும் ஆட்டத்தில் சேர்க்கலாம். அது காசிமேட்டில் மீன் வாங்குகிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விதி.

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப் படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலம் என்பதால் தடை. வஞ்சிரம் விலை எகிறுவதும், "என்னய்யா இந்த விலை?" என்று மார்க்கெட்டில் தகராறு நடப்பதும் அப்போதுதான்.

கம்ப்யூட்டர் கடலுக்கும் அப்படி ஒரு சீசன் வைத்தால், ஆடுகிறவன் முன்கூட்டியே உப்புக் கண்டம் போட்டுச் சேர்த்துவைப்பான். தொட்டி கட்டி மீன் வளர்ப்பான். சப்நாட்டிகாவில் முட்டை பொரிக்க வைத்து மீன் வளர்க்கும் தொட்டி ஏற்கனவே இருக்கிறது. இப்போது அது வசதிக்கு. தடை வந்தால் அதுவே பிழைப்பு ஆகிவிடும்.

கதையின் முடிச்சு

ஆட்டம் ஆடாதவர்களுக்கு இன்னொரு சேதி. ஆடப்போகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம்!

சப்நாட்டிகா கதையில் அந்தக் கடல் முழுக்க ஒரு கொள்ளை நோய். அதற்கு மருந்து, ஆழத்தில் வாழும் ராட்சதத் தாய்ப் பிராணியின் குட்டிகளிடம் இருக்கிறது. முன்பு அங்கே வந்த வேற்றுக்கிரகவாசிகள் தாயைச் சிறை வைத்து, முட்டைகளை வலுக்கட்டாயமாகப் பொரிக்க வைக்கப் பார்த்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை.

கப்பல் உடைந்து வந்தவனோ, தாய் சொன்னதைக் கேட்டு முட்டை பொரிக்க உதவுகிறான். வெளியே வந்த குட்டிகள் தானாகவே மருந்தைத் தருகின்றன. அவன் பிழைக்கிறான். கடலும் பிழைக்கிறது.

வெள்ளைக்காரப் பிள்ளைகள் திரையில் ஆடும் கதை இது. சங்கு குளித்தும், பாசி பறித்தும், வலை வீசியும் பிழைக்கிற கடலோரத்துப் பெரியவர்களுக்கு இதில் புதுசு ஒன்றும் இருக்காது. இன்றைக்குப் பாட்டுக்குப் பிடி, நாளைக்குப் பாட்டுக்கு விடு. அவ்வளவுதான்.

புதுசாக ஏழு ஜீவன் சேர்ப்பது கம்பெனிக்காரர்களுக்குப் பெரிய வேலை இல்லை. அவை தீர்ந்துபோகவும் செய்யும் என்பதையும் சேர்த்து வைத்தால், ஆடுகிற பிள்ளைகளுக்கு ஆட்டமும் ஆச்சு, பாடமும் ஆச்சு!